கிண்ணமும் கழகமும்

தாம் ஆளாத இராச்சியங்களுக்கு மந்திரிகளை நியமிப்பதில் மக்கள் பெரிய இன்பம் காண்கிறார்கள். திண்ணையில் இருந்தபடியே நாட்டை நடத்தியவர்கள் முன்னர் பலர். இன்று அவர்களோடு உதைபந்தாட்டக் கழகங்களை நடத்துவோரும் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அச்சுவேலிச் சந்தையடியில் மாலை வேளையில் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்து அரைமணி நேரம் இருப்பவர், வெங்காயத்தின் விலையையும் மழையின் போக்கையும் மாத்திரமன்றி, இங்கிலாந்திலே எந்தக் கழகத்தின் முகாமையாளர் இந்த மாதத்தில் பதவி இழக்கப்போகிறார் என்பதையும் அறிந்துகொண்டே எழுந்து செல்வார்.

முகாமையாளர் என்று இங்கே சொல்வது கணக்கெழுதும் உத்தியோகத்தரை அன்று. ஆட்டக்காரரைத் தெரிந்து, பயிற்றி, யாரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பவரையே ஆங்கிலேயர் அப்பெயரால் அழைக்கின்றனர். இந்தியாவில் அவரைத் தலைமைப் பயிற்றுநர் என்பர். பெயர் எதுவாயினும் அவருடைய தலைவிதி ஒன்றே. வென்றால் ஆட்டக்காரர் வென்றார்கள். தோற்றால் அவர் தோற்றார்.

இந்த விவாதங்களை வீண் பேச்சென்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. வகுப்பறையில் கேள்வி கேட்டால் நிலத்தைப் பார்க்கும் மாணவன், இங்கே பத்தாண்டுச் சரித்திரத்தை விரல் நுனியில் வைத்துக்கொண்டு வாதிடுகிறான். எதிரி கூறும் சான்றைக் கேட்கிறான். அதை மறுக்க இன்னொரு சான்று தேடுகிறான். தர்க்கம் என்ற கலையை எமது இளைஞர் கற்கும் பள்ளிக்கூடம் இப்பொழுது இதுதானோ என்று சில வேளைகளில் எண்ணுகிறோம்.

ஆயினும் ஒரு குறை உண்டு. இவ்விவாதத்துக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இந்த மனிதரை வைத்திருப்பதா, அனுப்புவதா என்பது ஒன்று. இந்தக் கழகம் எதை விரும்புகிறது என்பது மற்றொன்று. முதலாவது கேள்வி உரத்த குரலில் கேட்கப்படுகிறது. இரண்டாவதை எவரும் கேட்பதில்லை. இரண்டாவதற்கு விடை காணாமல் முதலாவதற்கு விடை கூறுதல், ஊர் தெரியாமல் பஸ் ஏறுவதை ஒக்கும்.

உதாரணத்துக்கு இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை, சென்னைக்குப் போவோம். எமது ஊருக்கு அண்மையிலுள்ள பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானமும் வந்திறங்கியபின், சென்னை எமக்கு இன்னும் நெருங்கிவிட்டது. எமது இளைஞரிற் பலர் இங்கிலாந்துக் கழகங்களின் பக்தர்களாயினும், சிலர் சென்னையைத் தம் கழகமாக வரித்திருக்கின்றனர். 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது தோன்றிய அக்கழகத்தின் பெயர் ‘சென்னையின் எப்.சி.’ என்பது. ‘சென்னையின்’ என்று முடிவுறாமல் நிற்கும் அப்பெயரைக் கேட்டால், தமிழாசிரியர் எவருக்கும் ‘சென்னையின் எது?’ என்று வினவத் தோன்றும். ‘கிண்ணம்’ என்று இரசிகர்கள் விடையிறுப்பார்கள். அந்த விடை போதுமா என்பதே எமது விசாரம்.

அக்கழகத்தின் சரித்திரம் ஒரு கதை போன்றது. முதற் பயிற்றுநர் மார்க்கோ மற்றராசி. 2006 இல் உலகக் கிண்ணம் வென்ற இத்தாலிய அணியில் ஆடியவர். 2015 ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவே கழகம் பட்டியலின் அடியிற் கிடந்தது. ஆளை மாற்றவேண்டும் என்று சொல்வதற்கு அதைவிட ஏற்ற காலம் வேறில்லை. ஆனால் மாற்றவில்லை. பிறகு தொடர்ந்து வெற்றிகள் வந்தன. டிசம்பரிலே சென்னையைப் பெருவெள்ளம் மூடியதனால், சென்னையில் ஆடவேண்டிய அரையிறுதியாட்டத்தைப் பூனாவில் ஆட நேர்ந்தது, அதிலும் வென்றனர். டிசம்பர் 20 ஆம் தேதி கோவாவிலே நடந்த இறுதியாட்டத்தில் 90 ஆவது நிமிடம் வரையும் 2-1 என்று பின்தங்கி நின்றவர்கள், அதன்பின் இரண்டு கோல்கள் பெற்றுக் கிண்ணத்தைத் தூக்கினர். வெள்ளத்திலிருந்து அப்பொழுதுதான் எழுந்துகொண்டிருந்த நகரத்துக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அதே பயிற்றுநர், எட்டுக் கழகங்களில் ஏழாம் இடம். அவர் விலகினார்.

அடுத்து வந்தவர் ஜோன் கிரகரி என்ற ஆங்கிலேயர். வந்த முதற் பருவத்திலேயே, 2018 மார்ச் 17 ஆம் தேதி, பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலே 3-2 என்று வென்று இரண்டாவது கிண்ணத்தைக் கொணர்ந்தார். கிண்ணம் வென்ற கழகம் அடுத்த பருவத்தில் என்ன செய்தது? 18 ஆட்டங்களில் வெற்றி இரண்டே இரண்டு, 9 புள்ளிகள், பத்துக் கழகங்களிலே பத்தாம் இடம். இரசிகர்கள் இரு கூறாய்ப் பிரிந்தார்கள். கிண்ணம் தந்தவரை ஒரு மோசமான ஆண்டுக்காக விரட்டுவதா என்றனர் ஒரு சாரார். சென்ற ஆண்டின் கிண்ணத்தைக் காட்டி இந்த ஆண்டின் தோல்வியை மூடுவதா என்றனர் மறு சாரார். கழகம் அவரை வைத்துக்கொண்டது. 2019 நவம்பரிலே, புதிய பருவத்தின் ஆறு ஆட்டங்களுக்குப்பின், அவரே விலகிக்கொண்டார்.

அவரிடத்துக்கு வந்தார் ஓவன் கொயில். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, தாழ்ந்து கிடந்த அணியை இறுதியாட்டம் வரை ஏற்றினார். 2020 மார்ச் 14 ஆம் தேதி, கொரோனா அச்சத்தினால் பார்வையாளர் எவருமில்லாத கோவா அரங்கிலே, கொல்கத்தாக் கழகத்திடம் 3-1 என்று தோற்றனர். கொயில் அதன்பின் ஜாம்ஷெட்பூருக்குச் சென்று, 2021-22 பருவத்தில் அந்தக் கழகத்தை லீக் பட்டியலின் முதலிடத்துக்கு உயர்த்தினார். சென்னையிலோ, அடுத்த மூன்று பருவங்களிலும் மூன்று பேர் தலைமைப் பயிற்றுநராக வந்தனர். முதலாமவர் காலத்தில் கழகம் எட்டாம் இடம். இரண்டாமவர் பருவத்தின் நடுவிலே நீக்கப்பட்டார், முடிவில் எட்டாம் இடம். மூன்றாமவர் காலத்திலும் எட்டாம் இடம். 2023 இல் கொயிலையே மீண்டும் அழைத்தனர். முதலாண்டில் ஆறாம் இடம். 2024-25 இல் பதின்மூன்று கழகங்களுள் பதினோராம் இடம். அவரும் போனார். 2025 இல் கோவாவைச் சேர்ந்த கிளிபோர்ட் மிராண்டா அப்பொறுப்பை ஏற்றார்.

இக்கதையிலிருந்து எவரும் தமக்கு வேண்டிய நீதியை எடுத்துக்கொள்ளலாம். பொறுமையே வேண்டும் என்பவருக்கு 2015 சான்று. மாற்றமே வேண்டும் என்பவருக்கு 2019 சான்று. நல்லவரைப் போகவிட்டது பிழை என்பவருக்கு ஜாம்ஷெட்பூர் சான்று. போனவர் திரும்பி வந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று நம்பியவருக்கு 2025 மறுமொழி கூறிவிட்டது. சான்றுகள் அதிகமாக இருக்குமிடத்தில் தீர்ப்பு எளிதென்று எண்ணுதல் தவறு.

பெரிய நாடுகளிலும் இதே நிலைதான். மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தில் 1986 நவம்பரிற் பொறுப்பேற்ற அலெக்ஸ் பேர்குசன் மூன்றாண்டுகளாக ஒரு கிண்ணமும் பெறவில்லை. 1989 டிசம்பரிலே ஓர் இரசிகர், சாக்குப்போக்குப் போதும் என்ற கருத்தில் எழுதிய பதாகையை மைதானத்திலேயே விரித்துக் காட்டினார். கழகம் பொறுத்தது. 1990 இல் முதற் கிண்ணம் வந்தது. 2013 இல் அவர் ஓய்வு பெறுவதற்கு முன் லீக் வெற்றி 13 முறை வந்தது. பொறுமைக்கு எங்கும் எடுத்துக் கூறப்படும் உதாரணம் இது. உண்மைதான், ஆனால் பொறுத்திருந்தும் காய்க்காத மரங்களைப் பற்றி எவரும் புத்தகம் எழுதுவதில்லை. லெஸ்ரர் கழகத்தைப் பாருங்கள். 2016 இல் உலகமே வியக்க இங்கிலாந்தின் முதலிடத்துக்கு அதைக் கொண்டுசென்ற கிளோடியோ ரனியேரியை, 2017 பெப்ரவரியில், ஓர் ஆண்டும் நிறையுமுன்னரே நீக்கினர். நன்றி கெட்ட செயல் என்று பலரும் வருந்தினர். ஆனால் அப்பொழுது அக்கழகம் கீழ்ப்பிரிவுக்கு விழும் இடத்துக்கு ஒரேயொரு புள்ளி மேலே நின்றது. ஆள் மாறியது; கழகம் பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கிலாந்தின் முதற்பிரிவில் கடைசி மூன்று கழகங்களும் கீழே தள்ளப்படும். விழுந்தால் வருமானம் வற்றும், ஆட்டக்காரர் கலைவர். ஆகவே அங்கே ‘அனுப்பு’ என்ற குரலின் பின்னே ஓர் அச்சம் நிற்கிறது. சென்னை பத்தாம் இடம் பெற்ற காலத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் அவ்வாறு தள்ளும் வழக்கம் இருக்கவில்லை. கடைசியில் வந்தவரும் அடுத்த ஆண்டு அதே வரிசையில் நிற்பர். இரண்டு இடத்திலும் கூக்குரல் ஒன்றே, காரணம் ஒன்றல்ல. லெஸ்ரர் எதற்கு அஞ்சியது என்பது எமக்குத் தெரியும். சென்னை எதை விரும்பியது என்பதைத்தான் எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. மூன்று பேர் மாறியும் எட்டாம் இடம் மாறவில்லையென்றால், கதிரையை மட்டும் ஆராய்ந்து பயனில்லை. கதிரை நிற்கும் தரையையும் பார்க்கவேண்டும்.

அந்தத் தரை பயிற்றுநரின் கையிலே இல்லாத பல பொருள்களால் ஆனது. இந்தியச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாயிருந்தமையால், அப்பருவம் வழமையான காலத்திலே தொடங்கவேயில்லை. எமது நாட்டிலோ, இலங்கைச் சம்மேளனத்தை உலகச் சம்மேளனமான பீபா 2023 ஜனவரியில் இடைநிறுத்தி, ஓகஸ்டிலேதான் அத்தடையை நீக்கியது. அந்த ஏழு மாதமும் உலகத்தின் தலைசிறந்த பயிற்றுநரே இங்கு இருந்திருந்தாலும், ஒரு சர்வதேச ஆட்டத்தையும் அவர் வென்றிருக்க முடியாது, ஆடினாலன்றோ வெல்வது!

நிற்க. இவையெல்லாம் தூரத்துச் செய்திகள். எமது பகுதியிலேயே இக்கேள்வி வந்து கதவைத் தட்டியதையும் சொல்லவேண்டும். கழகத்தின் பெயர் வேண்டியதில்லை. வடபகுதியில் ஊருக்கு ஊர் அப்படியொரு கழகம் உண்டு. அதன் பயிற்றுநர் ஒரு கமக்காரர். காலையில் தோட்டத்துக்கு நீர் இறைத்து, பின்னேரம் நாலு மணிக்குப் பந்துப் பையைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருபவர். சம்பளம் கிடையாது. கழகம் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் தோற்றது. அந்நிலையில், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் ஊரவர் சிலர் நல்ல மனத்தோடு ஒரு தொகை தர முன்வந்தார்கள். பட்டணத்திலிருந்து சம்பளத்துக்கு ஒரு பயிற்றுநர். வெளியூர் ஆட்டக்காரர் நால்வர். வருகிற ஆண்டு கிண்ணம். இதுவே அவர்களுடைய திட்டம்.

சனசமூக நிலையத்திலே கூட்டம் கூடியது. கல்லூரியில் படிப்பிப்பவர் நடுநிலையாளர் என்ற நம்பிக்கை ஊரில் இன்னும் அழியாதிருப்பதனால், தலைமை வகிக்க எம்மை அழைத்தனர். அணித்தலைவன் முதலில் எழுந்தான். “சேர், மூண்டு வருசமா அரையிறுதியோடை நிக்கிறம். அண்ணையிலை எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா பக்கத்து ஊர்க்காரர் கிண்ணம் கொண்டுபோறதை எவ்வளவு காலத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறது?” என்றான். அவன் கூறியதில் நன்றியின்மை இல்லை. இருபத்திரண்டு வயதிலே கிண்ணத்தை விரும்பாதவன் பின்பு எதையும் பெரிதாக விரும்பமாட்டான். அவனுக்கு மறுமொழியாக ஒரு பெரியவர், “பழக்கின மனுசனை மறக்கிற கழகம் உருப்படாது” என்றார். கை தட்டினார்கள். பின்பு மற்றப் பக்கத்தாரும் கை தட்டினார்கள். சென்னையின் இரசிகர்கள் 2019 இல் எப்படி இரு கூறாய் நின்றார்களோ, அவ்வாறே எமது மண்டபமும் நின்றது.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்து கேட்டார்: “என்ரை மகன் எட்டாம் வகுப்பு. நாலு மணிக்குப் பந்தடிக்கப் போறான். இருட்ட முன்னம் வீட்டை வாறான். நீங்கள் கூப்பிடுற ஆள் அவனுக்கும் பழக்குவாரோ?”

மண்டபம் அமைதியாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அதிலே முதல் அணியைப் பற்றி மட்டுமே எழுதப்பட்டிருந்தது. மைதானத்துக்கு நாள்தோறும் வருவோர் எத்தனை பேர் என்று கேட்டோம். முதல் அணியில் பதினெட்டுப் பேர். பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நாற்பதுக்கு மேல். பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு மூலையில் ஒதுங்குவதும், தீய பழக்கம் தேடி வருவதும் இந்த மாலை வேளையிலேதான் என்பது அங்கிருந்த ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகளின் இரண்டரை மணி நேரம் அந்தப் பந்துப் பையிலே கட்டியிருந்தது.

யார் என்ற கேள்வியை அரைமணி நேரம் ஒத்திவைத்து, எது என்ற கேள்வியை எடுப்போம் என்றோம். கழகம் மூன்றாண்டில் அடையவேண்டியவை எவை என்று ஒவ்வொருவராகக் கூற, செயலாளர் கரும்பலகையில் எழுதினார். கிண்ணம் என்று எழுதினார். சிறுவர்க்குப் பயிற்சி என்று எழுதினார். ஊர்ப் பிள்ளைகளே அணியில் ஆடவேண்டும் என்று எழுதினார். மைதானத்துக்கு விளக்கு என்றும் எழுதினார். எழுதியபின் பார்த்தால், பணம் கிண்ணத்துக்கு மாத்திரமே வந்திருந்தது.

இறுதியிலே பயிற்றுநர் பேசினார். அவர் நீண்ட பேச்சாளர் அல்லர். “தலைவர் சொன்னது சரி. பெரிய பெடியளுக்குச் சொல்லிக் குடுக்கிறதுக்கு என்னட்டை இனிப் புதிசா ஒண்டும் இல்லை. நல்ல ஆள் ஒருத்தர் வரட்டும். சின்னனுகளை மட்டும் என்னட்டை விடுங்கோ” என்றார். அன்று மண்டபத்திலே தம் அளவை அறிந்து பேசியவர் அவர் ஒருவரே என்று எமக்குப் பட்டது.

முதல் அணிக்குப் புதிய பயிற்றுநர். வெளி ஆட்டக்காரர் வேண்டாம். தொகையிற் பாதி சிறுவர்க்கு. இவ்வாறு தீர்மானித்துக் கடிதம் அனுப்பினார்கள். பணம் தர இருந்தவர்களிற் சிலர் மகிழ்ந்தார்கள். சிலர், கிண்ணமில்லாத கழகத்துக்குக் காசு எதற்கென்று ஒதுங்கிவிட்டார்கள். அடுத்த சுற்றுப்போட்டியில் கழகம் காலிறுதியிலேயே தோற்றது. கிண்ணம் வரவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. முணுமுணுப்பு மீண்டும் தொடங்கியிருக்கிறது. இன்னொரு கூட்டமும் வரும். ஆனால் சிறுவராயிருந்தோரில் இருவர் இப்பொழுது முதல் அணியில் ஆடுகிறார்கள். அடுத்த கூட்டத்திலே கணக்குப் பார்க்கும்போது அதையும் ஒரு வரியாக எழுத வேண்டும்.

கிண்ணத்தை விரும்புதல் குற்றமென்று நாம் கூற வரவில்லை. விருப்பமில்லாத கழகம் பொழுதுபோக்குச் சங்கமாகிவிடும். ஆனால் கிண்ணம் ஆண்டுக்கு ஒரு கழகத்துக்கே கிடைக்கும். பத்துக் கழகங்கள் ஆடுமிடத்தில் ஒன்பது கழகங்கள் வெறுங்கையோடு திரும்புதல் விதி. அந்த ஒன்பது ஆண்டுகளிலும் ஒரு கழகம் என்னவாக இருக்கப்போகிறது என்பதே அதன் உண்மையான இலட்சியம். அந்த இலட்சியம் தெளிவாயிருந்தால், பயிற்றுநர் அதற்கு உகந்தவரா அல்லரா என்பதும் தெளிவாகும். உகந்தவராயின் தோல்வியிலும் வைத்திருக்கலாம். உகந்தவரல்லராயின் வெற்றியிலும் விடைகொடுக்கலாம். மாலை சூட்டியே விடைகொடுக்கலாம். இலட்சியம் இல்லாத இடத்தில் வைத்திருப்பதும் சோம்பல், அனுப்புவதும் கோபம்.

இது மைதானத்துக்கு மட்டும் உரியதன்று. பரீட்சை முடிவு குறைந்தவுடன் ரியூசன் ஆசிரியரை மாற்றும் பெற்றோரும், தேர்த்திருவிழாவிற் குறை கண்டவுடன் பரிபாலன சபையைக் கலைக்கப் புறப்படும் அடியாரும், இதே பாடத்தின் மாணவரே. மாற்றம் வேண்டிய இடங்கள் உண்டு. மாற்றுமுன் கரும்பலகையில் நான்கு வரி எழுதிப் பார்ப்பது நன்று.

எமது மாணவர்கள் விவாதிக்கட்டும். குரலை உயர்த்தியே விவாதிக்கட்டும். இரசிகனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. பயிற்றுநர் வருவார், போவார். ஆட்டக்காரர் விலைக்குப் போவர். மழையில் நனைந்துகொண்டு இருப்பவன் அவனே. ஆகவே ஆளை அனுப்பு என்று சொல்வதற்குமுன், எதற்காக என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்வானாக. விடை வந்தால் அவன் சொல்வதைக் கழகமும் கேட்கத்தான் வேண்டும்.